கோலாலம்பூரில் ஊதிய அணைச் சங்கு

சங்கு ஊதியது.

அடித்தொண்டையில் கிளம்பி மெல்ல மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கிற நீளமான சத்தம். நான் முழங்கால் தண்ணீரில், சுடிதாரைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தேன். என்னைச் சுற்றி முந்நூறு பேராவது இருப்பார்கள். சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஆழமான பக்கத்தைப் பார்த்து நடந்தார்கள். நான் மட்டும் கரைப் பக்கம் திரும்பினேன்.

"தண்ணி வருது! மேல ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!"

அசல் உத்தமபாளையம் தமிழில் கத்தினேன். அந்த இடத்தில் அது புரியக்கூடிய ஆள், எனக்குத் தெரிந்து, என் அறைத்தோழி ஒருத்திதான். அவளும் அந்த நேரத்தில் சறுக்குக் கோபுரத்தின் உச்சியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு சிறுமி, ஆறு வயது இருக்கலாம். மஞ்சள் நீச்சலுடை போட்டு, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிடியில் வாளி விழுந்தது. யோசிக்கவே இல்லை, இழுத்துக்கொண்டு ஓடினேன். சாய்வு நாற்காலிகளைத் தாண்டி, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, கண்ணில் பட்ட முதல் படிக்கட்டில் ஏறி, அதன் உச்சியில் போய்த்தான் நின்றேன்.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் குளத்தில் அலை வந்திருந்தது. நெஞ்சளவு அலை. முந்நூறு பேரும் அதில் எம்பிக் குதித்து, 'ஓ'வென்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது அலைக்குளமாம். மணிக்கு ஒரு தடவை இயந்திரம் அலையைக் கிளப்புமாம். கிளப்புவதற்கு முன்னால் சங்கு ஊதுவார்களாம். சங்கு ஊதினால் எல்லோரும் ஆசையாகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டுமாம். இப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆள் யாருக்காவது தோன்றுமா?

சிறுமி வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள். கீழேயிருந்து இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தலைத்துணி நழுவியது கூடத் தெரியாமல், ஒரு பெண் ஓடி வந்தாள். பிள்ளையின் அம்மா.

முழங்கால் வரைதான் அனுமதி

நான் மலேசியாவுக்குப் போனது தண்ணீரில் ஆடுவதற்கு அல்ல. கணினிப் படிப்புக்கு. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிடாத காலம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை படிக்க விமானம் ஏறுகிறாள் என்றால், வழியனுப்ப இரண்டு வேன் ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் வாழ்த்த வந்தார்கள், மீதிப் பேர் போக மாட்டாள் என்று பந்தயம் கட்டி வந்தார்கள்.

அத்தாவுக்கு வாழைத்தார் வியாபாரம். "எம்பிள்ளைக்குப் படிப்பு வருது, அனுப்புறேன். வராதவுக வீட்லயே இருங்க" என்று சொந்தக்காரர்கள் கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. அம்மாவிடம் மட்டும் முடியவில்லை.

அம்மா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒரே ஒரு நிபந்தனை.

"அங்க இருந்து, ஒன்னையப் பத்தி ஒரு லெட்டரு, ஒரே ஒரு லெட்டரு தப்பா வரட்டும். மறுநா பிளேன்ல ஏறி வந்துரணும். சம்மதமா?"

"சம்மதம்மா."

"அப்பறம், தண்ணி கெடக்குற பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது."

இந்த இரண்டாவது நிபந்தனை புதிது அல்ல. எட்டு வயதிலிருந்து எனக்குச் சட்டம் இதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் வருசம் பூரா ஆறு ஓடும், வாய்க்கால் ஓடும், பஸ் ஏறினால் சுருளி அருவி. தோழிகள் அருவியில் நனைந்து பற்கள் தந்தியடிக்க வந்து நிற்பார்கள். நான் கரையில் உட்கார்ந்து அத்தனை பேரின் செருப்புக்கும் துண்டுக்கும் காவல். இத்தனை தண்ணீருக்கு நடுவில் பிறந்தும் நீச்சல் தெரியாத ஒரே ஆள் நான்தான் என்று ஊரில் கேலி.

அப்படிப்பட்டவளை நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு இழுத்துப் போனது என் விடுதி அறைத்தோழி கோமதி. ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழ்ப் பெண். பரீட்சை முடிந்த களிப்பில், "சும்மா வந்து ஓரமா நில்லு லா, யாரு உன்னைய குளிக்கச் சொன்னா?" என்றாள், மலேசியப் பேச்சு வழக்கில் 'லா' சேர்த்து.

சும்மா ஓரமாகத்தான் நின்றேன். அதற்கே இந்தக் கூத்து.

மூணாஞ் சங்கு

சங்குக்கு ஏன் அப்படி ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு வைகை அணைக்குப் போயாக வேண்டும்.

நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் அணைக்குக் கிளம்புவோம். அண்டாவில் பிரியாணி, தூக்குவாளியில் தால்சா, வேன் நிறையப் பிள்ளைகள். அணைக்குக் கீழே சின்னப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பாறையும் மணலுமாக ஆறு. பொரித்த மீன் வாசனை அந்த இடத்தையே தூக்கும். எனக்கு எட்டு வயதான அந்த வருசம் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. அதன் நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் பெருநாளுக்குப் போட்ட புதுக் கண்ணாடி வளையல்.

அணை நிரம்பி வந்தால் சங்கு ஊதுவார்கள். ஒன்று, பிறகு இரண்டு. மூன்றாவது ஊதினால் ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கீழே இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அணைப் பக்கத்து ஆட்களுக்கு இது மனப்பாடம். மேலே உத்தமபாளையத்திலிருந்து வந்த எங்களுக்கு என்ன தெரியும்? ஏதோ மில் சங்கு என்று நினைத்துக்கொண்டோம். அத்தா அப்போது மீன் வாங்கப் போயிருந்தார்.

"ஏ ஆத்தா! மேல ஏறு! மூணாஞ் சங்கு ஊதியாச்சு!"

கரையில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த பெண் கத்தினாள். நான் அசையவில்லை. யாரையோ சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். அவள் கூடையை மணலில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. வளையல்கள் நொறுங்கிக் கையில் குத்தின. ரத்தம் வழிய, நான் ஊரைக் கூட்டி அழ, அவள் விடாமல் கரைக்கு இழுத்து வந்தாள்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தபோது கண்டது இதைத்தான். முன்பின் தெரியாத ஒருத்தி, அவள் பிடியில் என் கை, கை முழுக்க ரத்தம்.

"எம்பிள்ளை கையப் பிடிச்சு இழுக்க நீ யாருடி?"

அம்மாவின் வாய் எங்கள் தெருவில் பிரசித்தம். அன்றைக்கு அது முழு வேகத்தில் ஓடியது. பேசிய பேச்சு போதாதென்று, பக்கத்தில் இருந்த கடலைக் கூடையைக் காலால் எட்டி உதைத்தார். கடலை மணலெல்லாம் சிதறியது.

அந்தப் பெண் சண்டைக்கு நிற்கவில்லை. ஆற்றைக் கையால் காட்டினாள்.

"தண்ணி வருது பாயம்மா. சண்டைய மேல வந்து போடுங்க."

வந்தேவிட்டது. செம்மண் நிறத்தில், நுரையும் சத்தமுமாக. எங்கள் ஆட்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். நான் உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடமே தெரியவில்லை. அண்டாவின் மூடி மிதந்து போனது. மணலில் கிடந்த கடலையும் போனது.

அத்தா ஓடி வந்து என் கையைப் பார்த்தார், வேனைக் கிளப்பச் சொன்னார். ஆண்டிபட்டி ஆஸ்பத்திரியில் மூன்று தையல். அணையிலிருந்து வேன் கிளம்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறும் கூடையோடு அந்தப் பெண் மேட்டில் நின்று, போகிற வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அதன் பிறகு அணைப் பேச்சு உண்டு, தையல் பேச்சு உண்டு, என்னைத் தண்ணீருக்கு அனுப்பக் கூடாது என்ற பேச்சு நிறைய உண்டு. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அம்மா எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது

பூங்கா அலுவலகத்தில் ஏசி குளிர் எலும்பு வரை ஏறியது. என் சுடிதாரிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே பிள்ளையின் அம்மா, மடியில் பிள்ளை. கமாரியா என்று பெயர், மலாய்ப் பெண். பிள்ளையின் பெயர் நூருல். அதன் மணிக்கட்டில் என் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கமாரியா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேலாளர் ஒரு தாளை மேசையில் வைத்தார். புகார்த் தாள். எனக்காக ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியது பெரிய குற்றம். இந்த அம்மா கையெழுத்துப் போட்டால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். நான் வெளிநாட்டு மாணவி, அதனால் கல்லூரிக்கும் கடிதம் போகும்.

கடிதம் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு லெட்டரு. அத்தா அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. பந்தயம் கட்டினவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டாம் வருசப் படிப்பு அப்படியே பாக்கி இருந்தது. அதுவும் எங்கே மாட்டிக்கொண்டேன்? தண்ணீரில்!

ஈரத் தலையோடு கோமதி உள்ளே ஓடி வந்தாள்.

"மெகரு! என்னா பண்ணித் தொலைச்ச?"

"சங்கு ஊதுச்சு கோமதி" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அழுது முடித்து அணைக் கதையைச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, கோமதி மலாயில் சொன்னாள். நான் இரண்டு வரி சொன்னால் அவள் பத்து வரி சொன்னாள். வெள்ளம் என்னை இரண்டு மைல் அடித்துக்கொண்டு போனதாகவும், மரக்கிளையைப் பிடித்துத் தொங்கியதாகவும் அவள் சேர்த்துவிட்டது பிறகுதான் தெரிந்தது. நல்ல மனசு, ஆனால் வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாது.

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கமாரியா சிரிக்கவில்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உன்னைய இழுத்துக் காப்பாத்துன பொம்பளைகிட்ட உங்கம்மா என்னா சொன்னாங்கன்னு கேக்குறாங்க."

அம்மா பேசிய பேச்சைச் சொன்னேன். கூடையை உதைத்ததைச் சொன்னேன்.

கோமதி திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். "இதச் சொல்லணுமா மெகரு? உங்கம்மாவே சண்டை போட்டாங்கன்னா, இவங்க கையெழுத்துப் போடறது நியாயந்தான்னு ஆயிரும் லா. கட்டிப் பிடிச்சு அழுதாங்கன்னு சொல்லிரட்டா?"

"வேண்டாம். உள்ளதச் சொல்லு."

எனக்கு என்ன வீராப்பு என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கடலைக்காரப் பெண்ணைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார், அதற்கும் பொய்யா என்று பட்டது. கோமதி சொன்னாள். இந்தத் தடவை என் அளவுக்குத்தான் சொன்னாள், ஒரு வரி கூடவில்லை.

கமாரியா பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு கையெழுத்துப் போடாமலே புகார்த் தாளை மேலாளர் பக்கம் தள்ளினார், பேனாவையும் சேர்த்து. எழுந்து என்னிடம் வந்தார். என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து எடுத்து, தன் வலது கையை நெஞ்சில் ஒற்றிக்கொண்டார். மலாய்க்காரர்கள் மரியாதைப்பட்டவர்களுக்குச் சலாம் சொல்வது அப்படித்தான்.

"தெரிமா காசி" என்றார். அது நன்றி என்று எனக்கே தெரியும். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கோமதி மெதுவாகச் சொன்னாள்.

"என் பிள்ளைக்கு ஆபத்து ஒண்ணும் வரல, அது எனக்குத் தெரியும். ஆனா ஆபத்துன்னு உனக்குப் பட்டப்ப, நீ மட்டும் ஓடல. அவளையும் கூட்டிக்கிட்டு ஓடுன. அதுக்குத்தான் நன்றின்னு சொல்றாங்க."

புகார்த் தாளின் வெள்ளையாக இருந்த அடிப்பகுதியைக் கிழித்து, தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படிப்புத் தப்பியது என்று நான் துள்ளியிருக்க வேண்டும். விடுதி வரும் வரை பஸ்ஸில் அழுதேன். வராத வெள்ளத்துக்கு ஒரு தாய் எனக்கு நன்றி சொல்லிவிட்டார். வந்த வெள்ளத்திலிருந்து என்னை இழுத்த பெண் வெறும் கூடையோடு நின்றாள். அதை நினைக்க நினைக்க எங்கள் குடும்பத்தின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன்

மறைத்திருக்கலாம். கடிதம்தான் போகவில்லையே. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கூண்டுத் தொலைபேசியில் அம்மாவின் "நல்லாருக்கியாடி" கேட்டதுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தண்ணியில எறங்குனியா?" முதல் கேள்வி அதுதான்.

"முழங்கால் மட்டுந்தாம்மா."

"முழங்கால்னா தண்ணி இல்லையா?"

மீதியையும் சொன்னேன். அலுவலகம், புகார்த் தாள், கமாரியா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அடுத்த பிளேன் ஏறி வா என்று சொல்வார் என்று போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வேறொன்று கேட்டார்.

"அந்த மலாய்க்காரவுக ஒனக்கு நன்றி சொன்னாகளா?"

"ஆமாம்மா."

"ஒன்னுமே நடக்காததுக்கா?"

"ஆமா."

பிறகு, "லீவுக்கு எப்ப வர்ற?" என்றார்.

"ஆறு வாரத்துல."

"வா. ஒரு எடத்துக்குப் போகணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடலை மூட்டை

ஊருக்கு வந்த மூன்றாம் நாளே அம்மா கிளம்பிவிட்டார். அத்தா கார் பிடித்துத் தருகிறேன் என்றார், கேட்கவில்லை. "என் வேலை, நான் பஸ்லதான் போவேன்" என்றார். தேனியில் இறங்கி ஒரு கடையில் அரை மூட்டை நிலக்கடலை வாங்கினார். நல்ல முத்து, பொறுக்கி எடுத்தது. நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு அணைக்குப் போனோம்.

பொரித்த மீன் கடையில் விசாரித்தோம். "இங்கன முன்னாடி அவிச்ச கடலை வித்த ஒருத்தவுக..." என்று அம்மா இழுத்தார். எத்தனையோ பேர் விற்றிருப்பார்கள், எப்படி அடையாளம் சொல்வது?

"எந்தக் கடலைக்காரம்மா? பாய் வீட்டுப் பிள்ளைய இழுத்துப் போட்டுட்டு, கூடைக் கடலையப் பறிகுடுத்தாகளே, அவுகளா?" என்றார் மீன்காரர்.

கதை அத்தனை வருசமும் அங்கேயே இருந்திருக்கிறது. அதில் வருகிற கூடையை உதைத்த பெண் தன் எதிரே நிற்பது பாவம் அவருக்குத் தெரியாது. "அந்தப் பாயம்மா பேசுன பேச்சு இருக்கே!" என்று அவர் விலாவாரியாக ஆரம்பித்தார். அம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார்.

"அவுக பேரு ஒச்சம்மா. சொந்த ஊரு கடமலைக்குண்டுக்கே போயிட்டாக. சந்தைக்குப் பின்னாடி இலவம்பஞ்சு உரிக்கிற வீடுன்னு கேளுங்க, சொல்லுவாக."

கடமலைக்குண்டு போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. பஞ்சு பறந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் இலவ நெற்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் அன்றைக்கு மாதிரியே சேலையைத் தூக்கிச் செருகி உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, நரைக்கு மேல் பஞ்சு வேறு.

மூட்டையைப் பிடித்தபடி அம்மா நின்றார். தெருவையே வாயால் ஆண்ட பெண் என் முதுகைத் தட்டி முன்னால் தள்ளினார். "வைகை டேம்ல..." என்று நான்தான் ஆரம்பித்தேன்.

ஒச்சம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கையைப் பார்த்தார்.

"எடது கைதான தாயி? கொண்டா."

வாங்கித் திருப்பினார். தழும்பின் மேல் விரலை ஓட்டினார். "மடக்கு" என்றார், மடக்கினேன். "நீட்டு" என்றார், நீட்டினேன். ஒரு பெருமூச்சு விட்டார்.

"எலும்பு முறிஞ்சு போச்சோன்னு எனக்கு ஒரே வெசனம். அன்னைக்கே ஆண்டிபட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பாக்கலாம்னு. நீங்க போயிட்டீகன்னாக. கொஞ்சம் பாத்துப் பிடிச்சிருக்கலாம், அவசரத்துல வளவிய மறந்துட்டேன்." பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "மனசுல வச்சுக்கிறாதீக பாயம்மா."

அம்மா அப்படியே பஞ்சுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறீகளா? நான் ஒங்க கூடைய எத்தி விட்டவ. ஒங்களை என்னென்ன பேசுனேன்! எம்பிள்ளைய நீங்க குடுத்தீக. ஒங்க கையாலதான் அவ இன்னைக்கு வெளிநாட்டுல படிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டேனே..."

என் அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒச்சம்மா பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அட, அழுகாதீக. கூடை என்ன பெரிய கூடை? அது அங்கன இருந்தாலும் ஆத்தோடதான் போயிருக்கும். தண்ணி வாரப்ப நான் பிள்ளையத் தூக்குவனா, கூடையத் தூக்குவனா? பிள்ளைக்கு அடின்னா பெத்தவ கத்தத்தான் செய்வா. நானா இருந்தா அடிச்சே போட்டுருப்பேன்."

அப்புறம் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"கடலை வெளையுற ஊருக்கே கடலையச் சொமந்து வந்திருக்கீகளே பாயம்மா! இதுக்குத் தேனியில காசு வேற குடுத்தீகளாக்கும்?"

அம்மாவும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். உடனே ஒரு சட்டி அடுப்பில் ஏறியது. கடலை வேகிற வாசனையில் மலேசியக் கதையை நான் சொன்னேன். சங்கு ஊதியதும் நான் போட்ட கூச்சலைச் சொன்னபோது பஞ்சு உரிக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். ஊரில் இந்தக் கதைக்குச் சிரிக்காதவர்கள் யாருமில்லை. அத்தா கூடச் சிரித்தார்.

ஒச்சம்மா சிரிக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒன்று கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குக் கை நல்லாருச்சா தாயி?"

எனக்குத் தெரியாது. எண் எழுதிய தாள் பெட்டியில்தான் கிடந்தது. படிப்புத் தப்பித்த நிம்மதியில் ஒரு போன் செய்து விசாரிக்கத் தோன்றவில்லை. எங்கள் அம்மாவின் மேல் அத்தனை ஆத்திரப்பட்டவள், நான் பதித்த ஐந்து விரலை மறந்தே போயிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

எந்தக் கை?

லீவு முடிந்து திரும்பியதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். கோமதியையும் கூட்டிக்கொண்டு கமாரியாவின் வீட்டுக்குப் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அவித்துக் காயவைத்த கடலை ஒரு பொட்டலம் கையில்.

நூருல் என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நியாயம்தானே. கமாரியா சிரித்தபடி அவளை முன்னால் தள்ளினார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு இந்த அக்கா பிடிச்சாங்கல்ல, கை இப்ப வலிக்குதான்னு கேளு" என்றேன் கோமதியிடம்.

கோமதி கேட்டாள். பிள்ளை தன் வலது கையைப் பார்த்தது. இடது கையைப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. எந்தக் கை என்று அதற்கே மறந்துபோயிருந்தது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் என்னிடம் நீட்டியது.

இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன். ஒரு குறையும் இல்லை.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கடமலைக்குண்டுக்கு யார்கிட்டயாவது ஒரு சேதி சொல்லி அனுப்பணும். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கையும் நல்லாருக்காம்னு."

"சொல்லி அனுப்புறதா?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுக கேட்டு விட்டதுக்கு யார்கிட்டயோ சொல்லி அனுப்புவாகளா? காலையில மொத பஸ்ஸுக்கு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன். போனை வை."